பாட்டுக்குப் பன்னிரண்டு மார்க்கு

ஐரோப்பாவில் வருஷா வருஷம் மே மாதத்தில் ஒரு பாட்டுப் போட்டி நடக்கிறது. யூரோவிஷன் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு தேசத்தின் டெலிவிஷன் ஸ்தாபனமும் ஒரு பாட்டை அனுப்பி வைக்கும். பாட்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. பாட்டில் அரசியல் இருக்கக் கூடாது. முதல் இரண்டு விதிகளையும் ஒரு கடிகாரத்தையும் பத்து விரல்களையும் வைத்துக்கொண்டு நிறைவேற்றிவிடலாம். மூன்றாவது விதிக்கு என்ன கருவி வேண்டும் என்பதைப் போட்டியை நடத்துகிறவர்கள் இன்னும் கண்டுபிடித்தபாடில்லை.

நம் ஊர்க் கணக்குப்படி இறுதிப் போட்டி நடுநிசி பன்னிரண்டரை மணிக்கு ஆரம்பமாகிறது. சிவராத்திரி மாதிரி கண் விழித்துத்தான் பார்க்க வேண்டும். மார்க்குச் சொல்லி முடிவதற்குள் பால்காரர் வந்துவிடுவார். இத்தனை சிரமப்பட்டுப் பார்க்கும்படி அதில் என்ன சங்கீதம் இருக்கிறது என்று கேட்டால், ரொம்ப இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்தைந்து பாட்டுக்களில் மூன்று நாலு தேறும். மற்றவையெல்லாம் புகை, நெருப்பு, கண்ணைப் பறிக்கும் விளக்கு, இவற்றுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல். நான் பார்ப்பது கடைசி ஒரு மணி நேரத்துக்காக. பாட்டுக்களெல்லாம் முடிந்து தேசம் தேசமாக மார்க்குப் போடுகிற நேரம், நாவல் எழுதுகிறவன் தவற விடக் கூடாத நேரம். யார் யாருக்கு உறவு, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கை நனைக்காமல் போனார்கள் என்பதெல்லாம் அப்போது வெளியே வந்துவிடுகிறது.

மார்க்குப் போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தேசமும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுக்களுக்கு மார்க்குப் போடும். முதலாவதற்கு 12, அடுத்ததற்கு 10, பிறகு 8 முதல் 1 வரை. 1975-ல் வந்த ஏற்பாடு இது. தன் பாட்டுக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. இறுதிப் போட்டியில் பாதி மார்க்கு சங்கீதத் தொழிலில் இருக்கிற ஜூரிகளுடையது. மற்றப் பாதி, வீட்டில் உட்கார்ந்து வோட்டுப் போடுகிற ஜனங்களுடையது. எட்டுக் கோடி ஜெர்மானியர்களுக்கும், நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் ஒரே எடை. 2023 முதல் நமக்கும் வோட்டு உண்டு. போட்டியில் சேராத தேசங்களின் ஜனங்கள் அத்தனை பேரும் 'மீதி உலகம்' என்ற பெயரில் ஒரே தேசமாகக் கணக்காகிறார்கள். இந்தியா, பிரேசில், அமெரிக்கா எல்லாம் சேர்ந்து ஒரு ஐஸ்லாந்து! பழைய வட்ட மேஜை மகாநாடுகளை நினைத்துப் பார்த்தால் இது தாராளம்தான்.

அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் மார்க்குப் போட்டுக்கொள்கிறார்கள் என்பது இந்தப் போட்டியைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்லும் புகார். கிரீஸுக்குச் சைப்ரஸ் 12 போடும். சைப்ரஸுக்குக் கிரீஸ் 12 போடும். இதைப் பெரிய அக்கிரமமாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே பாஷை பேசி, ஒரே மாதிரி மெட்டுக்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரே பாட்டுப் பிடிப்பதில் என்ன ஆச்சரியம்? தஞ்சாவூர் ஜில்லாக்காரர் நாதஸ்வரத்துக்குத் தலையை ஆட்டினால் அதற்குச் சதி என்று யாரும் பெயர் வைப்பதில்லை. ஜனங்களுக்கு டெலிபோன் வோட்டு வந்த பிறகு, ஜெர்மனியிலிருந்து துருக்கிக்கு மார்க்குகள் வந்து கொட்டின. ஜெர்மன் தொழிற்சாலைகளில் உழைக்கப் போன துருக்கியர் குடும்பங்கள் ஞாபகமாகப் போட்ட வோட்டு அது. அதை அரசியல் என்று சொல்வதைவிட ஊர் நினைப்பு என்று சொல்லலாம்.

தோற்றவர்கள் எல்லாவற்றுக்கும் அரசியலைக் காரணம் காட்டுவதும் உண்டு. 2003-ல் பிரிட்டனுக்கு ஒரு மார்க்குக்கூடக் கிடைக்கவில்லை. இராக் மீது படையெடுத்த கோபத்தை ஐரோப்பா இப்படித் தீர்த்துக்கொண்டது என்று அங்கே பேசிக்கொண்டார்கள். அந்தப் பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும். பாடிய இரண்டு பேரும் சுருதிக்கு வெளியே நின்று பாடினார்கள். இராக்கில் சண்டையே நடக்காமல் இருந்திருந்தாலும் அவர்களுக்கு மார்க்கு விழுந்திருக்காது.

ஆனால் நிஜமான அரசியல் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 1956-ல் ஸ்விட்ஸர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு தேசங்கள் கூடி முதல் போட்டியை நடத்தின. யுத்தம் முடிந்து பதினொரு வருஷந்தான் ஆகியிருந்தது. ஜெர்மனியும் பிரான்ஸும் ஒரே மேடையில் பாடுவதே அப்போது ஒரு செய்தி. வோட்டு ரகசியம். ஸ்விட்ஸர்லாந்து ஜெயித்தது. எந்தப் பாட்டுக்கு எத்தனை மார்க்கு என்பதை இன்று வரையில் வெளியிடவில்லை. லக்ஸம்பர்கால் ஜூரிகளை அனுப்ப முடியாமல் போகவே, அவர்களுக்காகவும் ஸ்விஸ் ஜூரிகளே வோட்டுப் போட்டார்கள்! அந்தக் காலத்தில் தன் பாட்டுக்குத் தானே போட்டுக்கொள்ளவும் தடையில்லை.

1964-ல் கோபன்ஹேகனில் போட்டி. போர்ச்சுகல் அந்த வருஷந்தான் முதல் முதலாகச் சேர்ந்தது. பாட்டுக்கள் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மனிதர் மேடைக்கு ஓடி வந்து, ஸ்பெயினின் பிராங்கோவையும் போர்ச்சுகலின் ஸலஸாரையும் பகிஷ்கரிக்கச் சொல்லும் எழுத்துத் துணியை விரித்துப் பிடித்தார். காமிராவைச் சட்டென்று மார்க்குப் பலகையின் பக்கம் திருப்பிவிட்டார்கள். அவரை அப்புறப்படுத்திய பிறகு மறுபடியும் பாட்டு. தர்மசங்கடமான எதைக் கண்டாலும் மார்க்குப் பலகையைப் பார்ப்பது என்ற பழக்கம் அன்றைக்கு ஆரம்பித்தது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1968-ம் வருஷத்து ஸ்பெயின் பாட்டின் கதை நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். ஜோன் மானுவல் செரா என்ற பாடகரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் தாய்மொழியான கதலானில்தான் பாடுவேன் என்றார். பிராங்கோவின் ராஜ்யத்தில் அது நடக்குமா? அவரை எடுத்துவிட்டு மஸியேல் என்ற பெண்ணைப் பாட வைத்தார்கள். அந்தப் பாட்டின் பல்லவியோ, 'லா லா லா' என்று எந்தப் பாஷையிலும் சேராத சப்தம். அந்தச் சப்தத்தை எந்தப் பாஷைப் பாட்டுக்கு நடுவில் வைப்பது என்பதற்காக ஒரு சர்க்கார் தலையிட்டது. பாஷை அரசியல் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாட்டு 29 மார்க்கு வாங்கி, 28 வாங்கிய பிரிட்டனை ஒரே மார்க்கில் தோற்கடித்தது. அதனால் 1969-ல் போட்டி மாட்ரிட் நகருக்குப் போயிற்று. அங்கே ஸ்பெயின், பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ் ஆகிய நாலு தேசங்களும் ஆளுக்கு 18 மார்க்கு வாங்கின. சமமாக வந்தால் என்ன செய்வது என்று விதியே எழுதி வைக்கவில்லை. நாலு பேருக்கும் வெற்றி!

இனி 1974-க்கு வருகிறேன். என் அபிப்பிராயத்துக்கு ஆதாரமே அந்த ஒரு வருஷந்தான்.

அந்த வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் போட்டி. ஸ்வீடனின் 'ஆபா' கோஷ்டி ஜெயித்து உலகப் புகழ் பெற்றதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். இரண்டாவதாக வந்தது இத்தாலியின் ஜிலியோலா சின்குவெத்தி பாடிய காதல் பாட்டு. அதன் தலைப்பு 'ஸீ', அதாவது 'ஆம்'. பாட்டில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இத்தாலியில் மறு மாதம் விவாகரத்துச் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று ஜனங்களிடம் வோட்டுக் கேட்க இருந்தார்கள். ரத்து செய்யலாம் என்பவர்கள் 'ஆம்' என்று போட வேண்டும். இந்தப் பெண் 'ஆம், ஆம்' என்று உருகினால் ஜனங்கள் மனசு மாறிவிடுவார்களோ என்று இத்தாலிய டெலிவிஷன்காரர்களுக்குப் பயம் வந்துவிட்டது. வோட்டு முடிகிற வரையில் போட்டியைத் தங்கள் தேசத்தில் காட்டாமலே நிறுத்தி வைத்துவிட்டார்கள். கடைசியில் 'இல்லை' என்பது நூற்றுக்கு 59 பேர் ஆதரவோடு ஜெயித்தது. பாட்டைக் காட்டியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்பது என் துணிபு.

அதே மேடையில் போர்ச்சுகலின் பாவ்லோ த கார்வாலியோ ஒரு பாட்டுப் பாடினார். விடைபெற்றுக்கொண்ட பிறகு தனியாக நிற்கும் ஒரு காதலனின் பாட்டு. நல்ல பாட்டு, நிதானமாக ஆரம்பித்து நெஞ்சை நிறைத்துக்கொண்டு ஏறுகிறது. மொத்தம் 3 மார்க்கு வாங்கி, இன்னும் மூன்று தேசங்களோடு சேர்ந்து கடைசி இடத்துக்கு வந்தது. அதில் அரசியல் இருப்பதாக ஐரோப்பாவில் எந்த ஜூரியும் நினைக்கவில்லை. லிஸ்பன் தணிக்கைக்காரர்களும் நினைக்கவில்லை. ஏப்ரல் 24-ந் தேதி இரவு 10-55-க்கு லிஸ்பன் ரேடியோ நிலையம் ஒன்று அந்தப் பாட்டை ஒலிபரப்பியது. சர்க்காருக்கு எதிராகக் கிளம்பத் தயாராயிருந்த ராணுவ அதிகாரிகளுக்கு முதல் சமிக்ஞை அதுதான். யாருக்கும் சந்தேகம் வராத பாட்டு என்பதற்காகவே அதைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். நடுநிசிக்குப் பிறகு இரண்டாவது சமிக்ஞையாக ஜோஸே அபோன்ஸோவின் பாட்டு வேறொரு நிலையத்திலிருந்து வந்தது. மறு நாள் பொழுது சாய்வதற்குள் 48 வருஷத்துச் சர்வாதிகாரம் விழுந்துவிட்டது. சிப்பாய்களின் துப்பாக்கி முனைகளில் ஜனங்கள் சிவப்புப் பூக்களைச் செருகினார்கள்.

பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஏப்ரல் 6-ந் தேதி அது பிரிவுப் பாட்டு. 24-ந் தேதி அது படைக்கு உத்தரவு. பாட்டின் அரசியல் எங்கே இருக்கிறது என்று வார்த்தைகளை உதறிப் பார்க்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அந்தப் போர்ச்சுகலுக்கு முதல் வெற்றி 2017-ல்தான் கிடைத்தது. ஸல்வடோர் ஸோப்ரால் என்ற இளைஞர், தமக்கை லூயிஸா இயற்றிய பாட்டைப் போர்த்துகீசியப் பாஷையிலேயே பாடினார். புகையும் நெருப்பும் இல்லை. இந்தப் போட்டியில் நான் கேட்ட பாட்டுக்களில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல மாட்டேன். ஜூரிகளும் ஜனங்களும் ஒருமனதாக அதற்கே முதல் இடம் தந்தார்கள். ஆனால் அவரையும் சும்மா விடவில்லை. பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தபோது அகதிகளுக்காக இரங்கும் வாசகம் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். விதிக்கு விரோதம், இனிமேல் போடாதே என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த வார்த்தைப் பரிசோதனையின் லட்சணத்தை இன்னும் சில உதாரணங்களில் பார்க்கலாம். 2009-ல் மாஸ்கோவில் போட்டி. முந்திய ஆகஸ்டில் ரஷ்யாவோடு சண்டை போட்ட ஜார்ஜியா, 'புட்-இன்' என்று இரண்டு இங்கிலீஷ் சொற்களை ஒட்டி உச்சரித்துப் புடினைக் கேலி செய்யும் ஒரு பாட்டை அனுப்பியது. மாற்று என்றார்கள், மாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். பாட்டு மட்டமான பாட்டு. நஷ்டம் ஒன்றும் இல்லை. 2016-ல் உக்ரேனின் ஜமாலா '1944' என்ற பாட்டைப் பாடினார். கிரிமியாவின் தாத்தாரியர்களை ஸ்டாலின் ஒரே மூச்சில் நாடு கடத்திய வருஷம் அது. பாடகியின் கொள்ளுப் பாட்டியும் அந்த ரயிலில் போனவர். ரஷ்யா 2014-ல் கிரிமியாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் சற்றே தாண்டியிருந்தபோது இதைப் பாடினால் யாருக்குத்தான் புரியாது? ஆனால் தலைப்பிலும் வார்த்தைகளிலும் அரசியல் இல்லை, சரித்திரந்தான் இருக்கிறது என்று அனுமதித்துவிட்டார்கள். அனுமதித்தது நல்லதாயிற்று. பாட்டின் கடைசியில் அந்தக் குரல் வார்த்தையை விட்டுவிட்டு ஒப்பாரியாக ஏறுகிற இடம் இருக்கிறதே, அதற்கு எந்தக் கொடியும் வேண்டாம். ஜூரிகள் முதலிடம் கொடுத்தது ஆஸ்திரேலியாவுக்கு. ஜனங்கள் கொடுத்தது ரஷ்யாவுக்கு. இரண்டையும் கூட்டினால் 534 மார்க்கோடு உக்ரேன் முதல்!

2022-ல் உக்ரேன் மறுபடியும் ஜெயித்தது. கலுஷ் கோஷ்டியார் பாடிய 'ஸ்தெபானியா' ஒரு மகன் தன் தாயை நினைத்துப் பாடுவது. சண்டை மூளுவதற்கு முன்பே எழுதியது. குண்டு விழ ஆரம்பித்ததும் உலகமெல்லாம் அந்தத் தாயைத் தாய்நாடு என்று கேட்டது. ஜூரிகள் 192 மார்க்கோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜனங்கள் 439 கொடுத்தார்கள். அத்தனையும் பாட்டுக்கு விழுந்த மார்க்கு என்று நான் சொல்லவில்லை. ஒரு சாவு வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொள்வது போல ஜனங்கள் அந்த வோட்டைப் போட்டார்கள். அது தவறென்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்தக் கதவைத் திறந்தவர்கள், பிறகு இங்கே கதவே கிடையாது என்று சொல்ல முடியாது. 2022 பிப்ரவரி 24-ந் தேதி ரஷ்யப் படைகள் நுழைந்தன. ரஷ்யாவும் பாடலாம் என்றுதான் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கத்தார் முதலில் சொன்னார்கள். மற்றத் தேசத்து ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றாக எதிர்ப்புச் சொல்லவும், மறு நாளே ரஷ்யாவை விலக்கினார்கள். போட்டியின் பெயர் கெட்டுவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2023 அக்டோபர் 7-ந் தேதி இஸ்ரேலில் நடந்த படுகொலையையும், அதன் பிறகு காஸாவில் பல்லாயிரம் பேர் மடிந்ததையும் அடுத்து, இஸ்ரேல் பாடலாமா என்ற கேள்வி கிளம்பிற்று. இது சர்க்கார்களின் போட்டி அல்ல, ஒலிபரப்பு ஸ்தாபனங்களின் போட்டி என்றார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இஸ்ரேலிய ஸ்தாபனத்துக்கும் அந்த நாட்டுச் சர்க்காருக்கும் ஆகாது. அதை இழுத்து மூடவும் தனியாரிடம் தள்ளிவிடவும் மந்திரிகள் பேசி வந்திருக்கிறார்கள். அது ரஷ்ய டெலிவிஷனைப் போலச் சர்க்காரின் ஊதுகுழல் அல்ல. ஆனால் இரண்டு சந்தர்ப்பங்களிலும் முடிவு செய்தது இந்த நியாயம் என்று நான் நம்பவில்லை. எத்தனை பேர் எழுந்து போவார்கள் என்ற கணக்குதான் முடிவு செய்தது. 2022-ல் அந்தக் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த தடவை, இஸ்ரேலை விலக்கினால் ஜெர்மனியும் போகக் கூடாது என்று அந்த நாட்டுச் சான்ஸலர் மெர்ஸே பேசினார்.

இதற்கு நடுவில் வார்த்தைப் பரிசோதனை வேறு. 2024-ல் இஸ்ரேல் அனுப்பிய பாட்டுக்கு 'அக்டோபர் மழை' என்று பெயர். அரசியல் என்று திருப்பி அனுப்பினார்கள். அதே மெட்டில் வேறு வார்த்தைகளைப் போட்டு, 'சூறாவளி' என்று பெயர் வைத்து அனுப்பினார்கள், ஏற்றுக்கொண்டார்கள். மழைக்குப் பதில் காற்று! கேட்டவர்களில் யாருக்காவது அது அக்டோபரைப் பற்றிய பாட்டு என்பது மறந்ததா? ஏடன் கோலான் என்ற சிறு பெண் சபையில் எழுந்த கூச்சலுக்கு நடுவே குரல் நடுங்காமல் பாடினார். ஜூரிகள் 52 மார்க்குக் கொடுத்தார்கள், ஜனங்கள் 323. நான் கேட்ட வரையில் அந்தப் பாட்டு 52-க்கு மேல். 323-க்கு வெகு தூரம் கீழே. இரண்டு தரப்பிலும் காதை மூடிக்கொண்டு வோட்டுப் போட்டவர்கள் நிறைய இருந்திருக்க வேண்டும்.

2025-ல் பேஸல் நகரில் இன்னும் சிக்கலாயிற்று. இஸ்ரேலுக்காகப் பாடிய யுவல் ரபேல், அக்டோபர் 7-ந் தேதி நோவா இசை விழாவில் பிணங்களுக்கு அடியில் மணிக்கணக்காகக் கிடந்து உயிர் தப்பியவர். அவரை வெறும் சர்க்கார்ப் பிரசாரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. காஸாவில் அதே மாதிரி இடிபாடுகளுக்கு அடியில் கிடந்து, பாடுவதற்கு மேடை கிடைக்காதவர்களை மறக்கவும் மனம் வரவில்லை. பாட்டு சாதாரணம்: மூன்று பாஷையில் நம்பிக்கை சொல்கிற பாட்டு. ஜனங்கள் 297 மார்க்கு, யாருக்கும் கொடுக்காத அளவு கொடுத்தார்கள்; ஜூரிகள் 60. மொத்தத்தில் இரண்டாவது இடம். ஆஸ்திரியாவின் ஜேஜே, கச்சேரி மண்டபக் குரலும் நாட்டிய மண்டபத் தாளமும் மோதும் ஒரு விசித்திரப் பாட்டோடு 436 வாங்கி ஜெயித்தார். அது தகுதியான வெற்றி. ஆனால் மறு நாள் யாரும் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஆள் இருபது வோட்டு வரையில் போடலாம் என்ற ஏற்பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். மனசுக்குப் பிடித்த பாட்டுக்கு ஒருவன் இருபது தடவை காசு கொடுப்பது அபூர்வம். ஒரு கட்சிக்காக என்றால் சந்தோஷமாகக் கொடுப்பான். நவம்பரில் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். சர்க்கார்கள் பின்னாலிருந்து நடத்தும் விளம்பரத்துக்கும் ஒரு விதி போட்டார்கள்.

டிசம்பர் 4-ந் தேதி ஜினீவாவில் சங்கம் கூடியது. இஸ்ரேலைப் பற்றித் தனியாக வோட்டு எடுக்கவில்லை. புதிய விதிகள் போதும் என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். ஸ்பெயின், அயர்லாந்து, ஹாலந்து, ஸ்லொவேனியா அன்றைக்கே விலகின. சில நாள் கழித்து ஐஸ்லாந்து. 2024-ல் ஜெயித்த ஸ்விஸ் பாடகர் நெமோ, பரிசுக் கோப்பையைத் திருப்பி அனுப்பப் போவதாக அறிவித்தார்.

யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதில் நல்லவர்களே இரண்டு பக்கமும் இருக்கலாம். என் புகார் அதைப் பற்றியல்ல. தேர்ந்தெடுக்கிறவர்கள், "ஆம், நாங்கள் தேர்ந்தெடுத்தோம், இன்ன காரணம்" என்று சொல்ல வேண்டும். அதை விட்டு, பாட்டில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லி, சட்டையைக் கழற்றச் சொல்லி, நாங்கள் அரசியலைத் தொடுவதில்லை என்று கையை விரிப்பது சகிக்கவில்லை. சந்தேகத்துக்கு இடமான ஒரே சொல்கூட இல்லாத பாட்டைக் கொண்டு ஒரு ராஜ்யத்தைக் கவிழ்த்திருக்கிறார்கள் என்பதை இவர்களுடைய போட்டிச் சரித்திரமே சொல்கிறது.

2015-ல் வியன்னாவில் போட்டி நடந்தபோது, ரஷ்யப் பாடகிக்கு எதிராகச் சபையில் எழக் கூடிய கூச்சல் டெலிவிஷனில் கேட்காதபடி அமுக்குவதற்கென்றே தனியாக ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். 2024-ல் மால்மோ அரங்கத்துக்குள் பாலஸ்தீனக் கொடியைக் கொண்டு போக விடவில்லை. ஜேஜே ஜெயித்ததால் 2026-ம் வருஷப் போட்டி மறுபடி வியன்னாவுக்கு வந்தது. இந்தத் தடவை கூச்சலை அமுக்கப் போவதில்லை, பாலஸ்தீனக் கொடியோடு வருகிறவர்களைத் தடுக்கவும் போவதில்லை என்று ஆஸ்திரிய டெலிவிஷன்காரர்கள் 2025 டிசம்பரில் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் இந்தப் போட்டிக்காரர்கள் வெளியிட்ட அறிவிப்புகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.